பவர் ஸ்டியரிங்கை ‘நானே பாத்துக்கறேன்’ என்றவர்

நான் முதலில் சந்தித்தது அவருடைய கால்களைத்தான். ‘மாடி அறை வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிய வீட்டின் இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனால், நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு பழைய கார் நின்றது. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் செருப்பு.

“யாருங்க?” என்று கேட்டது கார்.

“ரூம் பாக்க வந்தேன் சார்.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

நான் அதுவரை ஏறி இறங்கிய ஏழு வீடுகளில் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார்கள், சமைப்பீர்களா என்று கேட்டார்கள், ஆணி அடிப்பீர்களா என்று கேட்டார்கள். படிப்பைக் கேட்டவை இந்தக் கால்கள் மட்டுமே. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

“மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சார்.”

கால்கள் இரண்டும் மகிழ்ச்சியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. “அப்ப ரூம் உங்களுக்குத்தான் தம்பி. அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். அது பதினான்காம் நம்பர். அவருக்கும் அது தெரியவில்லை. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

வாசகர்களே, இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருவத்தை வைத்து அடையாளம் சொல்வது கடினம். ஒல்லியாகவும் இருப்பார்கள், தொப்பையோடு காருக்கு அடியில் பாதியில் சிக்கிக்கொள்கிறவர்களாகவும் இருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தில் பிடித்துவிடலாம். வீட்டில் எது நின்றாலும், எது ஒழுகினாலும், எது புகைந்தாலும், யாராவது “ஆளைக் கூப்பிடலாமா?” என்று கேட்டு முடிப்பதற்குள் அந்த வாக்கியம் வந்து விழும்: “எதுக்கு? நானே பாத்துக்கறேன்.”

பார்ப்பார். அதில் பொய்யில்லை. பார்த்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் ஊரில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் மோட்டார்காரரைக் கூப்பிடுவோம். வருவார், நாற்காலி போடுவோம், பார்ப்பார், மோட்டார் ஓடும், போய்விடுவார். இதில் யாருக்கும் மானம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது கேவலம் என்ற எண்ணம் நாலு எழுத்து படித்த பிறகுதான் மனிதனுக்குத் தோன்றுகிறது என்பதை இந்த வீட்டுக்குக் குடிவந்த பின்னரே தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் நம் சார் அலுவலகத்தில் என்ன வேலை செய்கிறார்? தன் மேசைக்கு வரும் கோப்பில் ‘மேல் நடவடிக்கைக்கு’ என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளுகிறார். இருபத்திரண்டு வருடங்களாக ஒரு கோப்பைக்கூட அவர் தானே பார்த்துக்கொண்டதில்லை. அந்த ஏக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பானெட்டைத் திறந்துவிடுகிறது.

இந்த இனத்துக்குத் தனிக் காலக்கணக்கு ஒன்று உண்டு. ‘அரை மணி நேர வேலை’ என்றால் ஒரு வாரம். ‘ரெண்டே ரெண்டு நட்டு’ என்றால் ஒரு மாதம். ‘கிட்டத்தட்ட முடிஞ்சுது’ என்றால் இன்னும் தொடங்கவில்லை. ‘ஊறட்டும்’ என்பது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. துருப்பிடித்த நட்டின் மேல் எண்ணெயைத் தெளித்துவிட்டு “ஊறட்டும்” என்று சொல்லி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார் என்றால், அந்த நட்டு அடுத்த ஞாயிறு வரை ஊறும். உலகத்தில் வேறு எதுவும் அவ்வளவு நேரம் ஊறுவதில்லை.

அவர்களுக்கு ஒரு குருவும் உண்டு. கைப்பேசியில் இருப்பார். முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும் தெரியும், பேசும் மொழி என்னவென்றே புரியாது, அவர் கழற்றும் கார் வேறு கம்பெனி, வேறு வருடம், ஸ்டியரிங்கே எதிர்ப் பக்கத்தில் இருக்கும். “பாருங்க தம்பி, எப்படி வெண்ணெய் மாதிரி கழண்டு வருது!” என்று எண்ணெய் விரலால் திரையைத் தேய்த்து, தேய்த்த இடத்தில் விளம்பரம் வந்து, அந்த விளம்பரத்தையும் முழுதாகப் பார்த்து முடிப்பார் சார்.

இனி எதிரி. எதிரி இல்லாத குரு ஏது? தெருமுனையில் ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. மெக்கானிக் சாதுவான மனிதர். அவர் செய்த ஒரே குற்றம், சாருடைய கார் கடையைத் தாண்டும்போதெல்லாம் பீடியை எடுத்துவிட்டு, “சார், அடியில செவப்பா சொட்டுது” என்று சொன்னதுதான்.

“தெரியும்ப்பா. நானே பாத்துட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு கடை வரும்போது சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். சுவரில் ஒன்றும் இல்லை.

சொட்டியது பவர் ஸ்டியரிங் எண்ணெய். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்ப முடிகிறதே, அது நம் விரலின் பலம் இல்லை. பானெட்டுக்குள் ஒரு பம்ப் அந்தச் சிவப்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது, ஒரு குழாய் அதைச் சக்கரங்களைத் திருப்பும் இடத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தக் குழாய்தான் வெடித்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக் கடைவாசலில் உட்கார்ந்தபடி ஒரு பார்வை போதுமாக இருந்தது. சாருக்குப் பதினோரு அட்டைகள் தேவைப்பட்டன. இரவில் காருக்கு அடியில் அட்டையை விரிப்பார். காலையில் எடுத்து, ஒவ்வொரு சொட்டையும் சுற்றி வட்டம் போட்டு, தேதி எழுதி, கூடத்தில் சாய்த்து வைப்பார். இதய நோயாளியின் ஈ.சி.ஜி. சுருளைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்ப்பார். பிறகு சம்சாரத்தின் முகப்பவுடரை டப்பாவோடு கொண்டுபோய்க் குழாய்கள் மேலெல்லாம் கொட்டி, பவுடர் எங்கே நனைகிறது என்று பார்த்தார். நல்ல யோசனைதான். அது பவுடர் டப்பாவுக்கு உரியவரிடமும் சொல்லப்பட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது, ஏனென்றால் ஒழுகியது கார் என்றாலும் சிக்கிக்கொண்டவர் அவர்தான்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வருடம் ஊசி குத்தியபின், ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதிய கிளைக்கு அவரைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார்கள். ஒரே சிக்கல், கிளை காலை ஆறு மணிக்குத் திறக்கும், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. “முதல் தேதிக்குள்ள ஓட்டுநர் உரிமம் வாங்கிட்டு வாங்க, இல்லன்னா அடுத்த ஆளைப் போட்டுருவோம்” என்றார் மேலாளர். அக்கா பழகுநர் உரிமம் எடுத்து, பயிற்சிப் பள்ளியில் ஓட்டிப் பழகி, தேர்வுக்குத் தேதியும் வாங்கிவிட்டார். தேர்வுக்குப் பள்ளியே தன் காரைக் கொண்டுவருவதாக இருந்தது.

“நம்ம வீட்டுல வண்டி நிக்கும்போது அடுத்தவன் வண்டியிலயா? வேண்டாம்னு சொல்லிடு. குழாயை மட்டும் மாத்திட்டா நம்ம வண்டி பூ மாதிரி திரும்பும். அரை மணி நேர வேலை.”

அக்கா பள்ளிக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய அனுபவசாலிகூட ஏமாறுகிற இடம் இருக்கத்தானே செய்கிறது?

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றி, வடிகட்டி, புனல், வாய் அகன்ற பாத்திரம் என்று சமையலறையில் பாதியைக் காருக்கு அடியில் குடியேற்றிய பிறகு, இணையத்தில் வாங்கிய குழாயை எடுத்துப் பிடித்துப் பார்த்தால், அது வேறு வருடத்து வண்டியின் குழாய். திங்கட்கிழமைத் தேர்வு தள்ளிப்போனது. “தேதிதானே? நானே போன்ல மாத்திடறேன்.” இரண்டாவது ஞாயிறு, பம்ப் பக்கத்து நட்டு அசையவில்லை. ஊறட்டும். அந்தத் திங்களும் போனது.

சார் மூன்றாவது திங்கட்கிழமைக்குத் தேதி மாற்றிக்கொண்டு வந்தபோது, அக்கா கைப்பையிலிருந்து பழகுநர் உரிமத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார்.

“இதுல தேதியைப் படிங்க.”

சார் படித்தார்.

“புதன்கிழமையோட முடியுது. இந்தத் திங்கக்கிழமையை விட்டா திரும்ப முதல்லேர்ந்து எழுதிப் போடணும். அதுக்குள்ள முதல் தேதி போயிரும். கிளையும் போயிரும்.”

“அதெல்லாம் ஆகாதும்மா. கிட்டத்தட்ட முடிஞ்சுது.”

“அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்.”

“அவன் வந்து என்ன பண்ணுவான்? நான் பண்றதையேதான் பண்ணுவான்.”

“அவரு பண்ணி முடிச்சிருவாருங்க. அதான் வித்தியாசம்.”

சார் எழுந்தார். காருக்கு அடியில் போய்விட்டார். இந்த இனத்துக்குக் கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கமில்லை. எதற்காவது அடியில் போய்விடுவார்கள்.

இதற்கிடையில் இன்னொரு வைபவம். அந்த நடைபாதை பின்வீட்டுக்காரருக்கும் பொது. அவர் வண்டி வெளியே போகவேண்டும் என்று ஹாரன் அடிப்பார். உடனே சார் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, “தம்பி, ஒரு கை” என்பார். எஞ்சினை ஓட்டினால் பம்ப் கெட்டுவிடும், எண்ணெய் எல்லாம் பாத்திரத்தில் இருக்கிறது. நானும் அவரும் முன்னாலிருந்து தள்ள, அக்கா உள்ளே உட்கார்ந்து, செத்துக் கிடக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிக் காரைப் பின்பக்கமாகவே தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழைப்பார். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். பின்வீட்டுக்காரர் போனதும் மறுபடி வெளியே. அவர் திரும்பி வந்ததும் மறுபடி உள்ளே. பின்வீட்டுக்காரருக்கு மறதி அதிகம். கடைக்குப் போய்விட்டு வந்து, மறந்த பொருளுக்காக இன்னொரு தடவை போவார்.

“ஒடிச்சுத் திருப்பும்மா! ஒடிச்சு!”

“இதுக்கு மேல ஒடிச்சா என் கைதான் ஒடியும்!”

“இப்படியா திருப்புவாங்க? மாவாட்டுற மாதிரி இருக்கு.”

“மாவாட்டினா மாவாவது மிஞ்சும்.”

மூன்றாவது ஞாயிறு நட்டு கழன்றது. உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நேரத்தில் சாருடைய முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். பழைய குழாயைப் பாம்பைப் பிடித்தவர்போல் தூக்கிக் காட்டிவிட்டு, இரும்பு முனை வைத்துக் குழாய் அடித்துத் தரும் கடைக்குக் கிளம்பினார். பழைய குழாயை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நூலை எடுத்துக்கொண்டார்.

ஏன் நூல்? இங்கேதான் இந்த இனத்தின் உச்சக்கட்ட நோய் வெளிப்படுகிறது. சரிசெய்வதோடு அவர்கள் நிறுத்த மாட்டார்கள். மேம்படுத்துவார்கள். பழைய குழாய் பம்பிலிருந்து கிளம்பி, எஞ்சின் ஓரமாக வளைந்து, ஒரு கிளிப்பில் தங்கி, இன்னொரு வளைவு வளைந்து, பிறகுதான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிற்று. கிளம்பும் முன் சார் நூலை ஒரு முனையில் பிடித்து மறு முனைக்கு விறைப்பாக இழுத்தார்.

“பாத்தீங்களா தம்பி? இவ்வளவுதான் தூரம். கம்பெனிக்காரன் ஊரைச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கான். நேர்வழி இருக்கும்போது எதுக்குச் சுத்து வழி? நீளமா இருக்கறதாலதான் குழாய் வெடிக்குது.”

கடைக்காரர், “பழசைக் கொண்டாங்க சார், அதே அளவுக்கு அடிச்சுத் தரேன்” என்று எவ்வளவோ சொன்னாராம். “அவருக்கு அவ்வளவுதான் தெரியும் பாவம்” என்றார் சார், நூல் அளவுக்கு அடித்த குழாயோடு வந்து.

மாட்டினார். குழாய் துணி காயப்போடும் கொடிபோல் விறைப்பாக நின்றது. கிளிப் மட்டும் கையில் மிஞ்சியது. குழாய் இப்போது அந்தப் பக்கமே போகவில்லையே! அதை என் முன்னால் நீட்டினார்.

“நீங்க மெக்கானிக்கல் படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. இது தேவையா?”

இங்கே நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். திரவ அழுத்தத்தின் விதியை என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும். அந்தத் தாளில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண் எனக்கு. ஆனால் ஓடும் எஞ்சின் குலுங்கும் என்பதும், குலுங்கும்போது விறைப்பான குழாய் அடுத்திருப்பதோடு உரசும் என்பதும், உரசாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கிளிப் என்பதும் அந்தத் தாளில் இல்லை. அந்தக் கிளிப்பை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. ‘தெரியாது சார்’ என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் என் அப்பாவை நினைத்தேன். அறையின் வாடகையையும் நினைத்தேன்.

“தேவையில்லன்னுதான் தோணுது சார்.”

“அதான் படிச்சவங்க கிட்ட கேக்கணுங்கறது!” என்று அவர் என் தோளில் தட்டினார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. அந்த எண்ணெய்க்கறை இன்னும் போகவில்லை.

பிறகு எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றும் சடங்கு. முன்சக்கரங்கள் தரையில் படாமல் கார் தூக்கி நிற்க, அக்கா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, சார் எண்ணெய்த் தொட்டிக்குள் எட்டிப்பார்த்துக் குமிழிகளை எண்ணினார்.

“இடது! இன்னும்! நிறுத்து! வலது! வலதுன்னா வலது!”

“உங்களுக்கு வலதா எனக்கு வலதா? நீங்க எதிர்ல நிக்கறீங்க!”

“காருக்கு வலது!”

ஐம்பது தடவை. பிறகு எஞ்சினைப் போட்டார். அக்கா ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தார். பூ மாதிரிதான் திரும்பியது. ஒரு சொட்டுகூட இல்லை. சார் அன்று மாலை பன்னிரண்டாவது அட்டையை விரித்து, அது வெறுமையாக இருப்பதை எல்லாரும் வந்து பார்க்கும்படி செய்தார். பின்வீட்டுக்காரரும் வந்து பார்த்தார். அக்காவும் பார்த்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை. அக்கா ஓட்ட, உரிமம் உள்ளவர் என்ற முறையில் பக்கத்தில் சார். என் அலுவலகமும் அந்த வழியில்தான் என்பதால் பின் இருக்கையில் நான். தெருமுனையில் சார் கண்ணாடியை இறக்கிவிட்டார். மெக்கானிக்கைப் பார்த்து, கேட்காமலேயே, “மாத்தியாச்சு!” என்றார். மெக்கானிக் பீடியை எடுத்துவிட்டு வணக்கம் வைத்தார்.

மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு முனகல் கேட்டது. பசித்த குழந்தை போல ஆரம்பித்து, அடிபட்ட நாய்போல முடிந்தது. பாலத்தின் வளைவில் அக்காவின் இரண்டு முழங்கைகளும் சட்டென்று உயர்ந்தன.

“என்னங்க, திரும்ப மாட்டேங்குது.”

ஓரமாக நிறுத்தினோம். பானெட்டைத் திறந்தோம். விறைப்பாக இழுத்துக் கட்டிய குழாய், பெல்ட் ஓடும் சக்கரத்தோடு உரசி உரசி நடுவில் கிழிந்திருந்தது. பாலம் நெடுகச் சிவப்பாக ஒரு கோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்து காருக்கு அடியில் குளம் கட்டியது. கிளிப் சாருடைய சட்டைப்பையில் இருந்தது. அதிர்ஷ்டத்துக்கு எடுத்து வந்திருந்தார்.

சார்தான் முதலில் பேசினார். குரலில் பழைய பலம் இல்லை, ஆனால் வார்த்தைகள் பழைய வார்த்தைகளே. “ஒண்ணுமில்ல. திரும்பிப் போயிடலாம். வேற தேதி வாங்கிக்கலாம். குழாயை மட்டும் கொஞ்சம் நீட்டி... அரை மணி நேர...”

“பிரேக் பிடிக்குமா?” என்றார் அக்கா.

“பிடிக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா...”

“கியர் விழுமா?”

“விழும். ஆனா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குமேம்மா!”

“மூணு வாரமா நான் சுத்தினது என்ன, பஞ்சா? ஏறுங்க.”

ஏறினோம். நான் அலுவலகத்தில் இறங்கவில்லை. இறங்கச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

தேர்வு மைதானத்தில் கொடிக்கம்புகள் நட்டு, நடுவில் பின்பக்கமாக நிறுத்தச் சொல்வார்கள். எங்களுக்கு முன்னால் போனவர் புத்தம் புதிய காரில், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை அநாயாசமாகச் சுழற்றி, இரண்டு கம்பங்களை வேரோடு சாய்த்துவிட்டு வந்தார். அடுத்து அக்கா. தேர்வு அதிகாரி பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றோம். சார் கயிற்றையே ஸ்டியரிங்காக நினைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

கார் நகர்ந்தது. அக்கா இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்து, மெதுவாக, வேறு வழியில்லாத மெதுவோடு திருப்பினார். கம்பங்களைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியும் சுவரும் இதைவிட நெருக்கம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரே தடவை. முன்னால் எடுத்துச் சரிசெய்யவில்லை. இரண்டு கம்பத்துக்கும் சமமான இடைவெளியில் கார் போய் நின்றது. சார் கயிற்றை விட்டார். அது முறுக்கு அவிழ்ந்து எதிரில் நின்றவர் மூக்கில் அடித்தது.

அதிகாரி இறங்கினார். தரையைப் பார்த்தார். சிவப்பு.

“பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியாம்மா?”

“இருந்துச்சு சார். எங்க வீட்டுக்காரர் சரி பண்ணினாரு.”

அதிகாரி மெல்லத் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தார். கையில் கறுப்பு, நகக்கண்ணில் கறுப்பு, சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கும் கிளிப். யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கடுமையாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தாளில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தார். “இந்த வண்டியிலேயே இப்படி ஓட்டறீங்கன்னா, எதையும் ஓட்டிடுவீங்க. நேரா கடைக்குக் கொண்டுபோய் விடுங்க, வழியில எங்கயும் நிறுத்தாதீங்க.” பிறகு சாரை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, “எந்தக் குழாய்? அழுத்தக் குழாயா, திரும்பி வர்ற குழாயா?” என்றார்.

“அழுத்தக் குழாய் சார்.”

“அதான் கஷ்டம். எங்க வீட்டுல தண்ணி மோட்டார் ரெண்டு மாசமா பிரிஞ்சு கிடக்கு. ரெண்டே ரெண்டு நட்டு. நானே பாத்துட்டிருக்கேன்.”

“ஊற வச்சீங்களா?”

“ஊறுது.”

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அக்கா ஹாரனை அடித்தார். நீளமாக.

திரும்பி வரும்போது யாரையும் கேட்காமல் அக்கா நேராகத் தெருமுனைக்கே விட்டார். கடைக்கு ஐம்பது அடி முன்னால் சார், “என்னை இங்கயே இறக்கி விட்டுடும்மா” என்றார். இறங்கி, பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, இரண்டு தெரு சுற்றி வீட்டுக்குப் போனார். நேர்வழி இருக்கும்போது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. “இதுல ஒரு கிளிப் இருந்திருக்கணுமேக்கா. யாரு எடுக்கச் சொன்னது?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி மெக்கானிக்கல் படிச்சவருங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான்கு வருடப் படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடத்தை மெக்கானிக் அங்கேயே, கிரீஸ் படிந்த ஒரு விரலை நீட்டி, அரை நிமிடத்தில் நடத்தி முடித்தார். மத்தியானத்துக்குள் வண்டி தயாராகிவிட்டது.

வாசகர்களே, சாரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. எழுந்து போய் உங்கள் குளியலறைக் குழாயில் சுற்றியிருக்கும் துணியைப் பாருங்கள். வர்ற ஞாயிற்றுக்கிழமை, வர்ற ஞாயிற்றுக்கிழமை என்று அதை யார் சுற்றி வைத்தது? அதற்காக வாளியை நகர்த்தி நகர்த்தி வைக்கிறவர் யார்? இல்லை, எனக்கு ஸ்பானரே பிடிக்கத் தெரியாது என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் வகை. இந்த இனம் தனியாக வாழ்வதே இல்லை. காருக்கு அடியில் ஒருவர் இருந்தால், பக்கத்தில் நின்று ‘ஆமாம் சார், சரியாத்தான் இருக்கு’ என்று தலையாட்டுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் இல்லாவிட்டால் பல கார்கள் இன்று ஒழுகாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அக்கா இப்போது புதிய கிளையின் பொறுப்பாளர். தினமும் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார், சாவி அவரிடம்தான் இருக்கிறது. வண்டி பகலெல்லாம் வீட்டில் இல்லாததால் சார் துவைக்கும் இயந்திரத்தைப் பிரித்திருக்கிறார். ஆறு வாரம் ஆகிறது. நான் மாடியறையில்தான் இருக்கிறேன். என் துணிகளை நானே துவைத்துக்கொள்கிறேன்.